சிவப்பி இறங்கிப் போன பிறகு

என் அண்ணன் எர்மெஸைப் பற்றி எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவனுடைய காரைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் கோபம்தான். வாலிபத்தையெல்லாம் பள்ளத்தாக்கு டைல்ஸ் ஆலையில் சூளைக்கு முன்னால் நின்று வேகவைத்தவன் அவன். யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஏணியோடு வந்து நிற்பான். சீட்டாட்டத்தில் மட்டும் கூச்சநாச்சமில்லாமல் ஏமாற்றுவான். இத்தனை இருந்தும், "ஓ, அந்தச் சிவப்புக் கார்க்காரரா?" என்று கேட்டால் எரிச்சல் வராதா?

இரண்டே சீட். கூரை என்ற பெயரில் ஒரு துணி. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும். கல்யாணத்துக்கு முன்னால், வேறு ஒருவர் ஓட்டிச் சலித்ததை வாங்கினான். 'சிவப்பி' என்று பெயர் வைத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறானோ இல்லையோ, அதைத் துடைக்காமல் இருக்கமாட்டான்.

அவன் மனைவி டெல்மா பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிறகுதான் அண்ணி ஆனாள். கிண்டல் செய்யும்போது மட்டும் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுக்கும் என் காப்பிக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் அங்கே ஸ்பூன் விழுந்தாலும் இங்கே தெரியும்.

சிவப்பி கத்துகிற கத்தலுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் என்ஜின் ஒரு தடவை அடங்கி, மறுபடி உறுமிக்கொண்டு எழும். "தலையைப் பொளக்குது இந்தச் சனியன்" என்று டெல்மா திட்டாத நாளே கிடையாது. அண்ணன் சிரிப்பான். தன் பெண்டாட்டிக்குச் சிவப்பியைக் கண்டாலே ஆகாது என்று கடைசிவரை நம்பினான். ஆண்பிள்ளைகளுக்குச் சொன்னது மட்டும்தான் காதில் விழும்.

அவள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சமைத்தாள். சாயங்காலம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், பாஸ்தா கையில் தயாராக இருக்கும், ஆனால் போடமாட்டாள். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது என்று காதாலேயே கூடவே ஏறி வருவாள். சிவப்பி ஐந்தாவது வளைவைத் தாண்டிவிட்டது என்று கேட்ட பிறகுதான் பாஸ்தா தண்ணீரில் விழும். அண்ணன் கை கழுவிவிட்டு உட்காரும்போது சரியாக வெந்திருக்கும்.

ஏன் ஐந்தாவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் தம்பி நெல்லோ மோட்டார் சைக்கிளில் ஏறி வந்த ஒரு மாலையில் ஐந்தாவது வளைவில் சத்தம் நின்றுபோனது. சிகரெட் பற்றவைக்க நிறுத்தியிருப்பான் என்றாள் அவர்கள் அம்மா. எல்லாரும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் கீழே கஷ்கொட்டை மரங்களுக்கிடையில் கிடந்தான்.

"நின்னப்பவே எனக்குத் தெரியும் கில்டா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "ஆனா நான் எந்திரிக்கல. உக்காந்தே இருந்தேன். இதை உங்கண்ணன்கிட்ட சொன்னே, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே."

நான் சொல்லவில்லை.

போன வருஷம் வசந்தத்தில் அண்ணனுக்கு லேசான பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது, இடது கால் மட்டும் பாதிதான் திரும்பியது. கிளச்சை மிதிக்கிற கால். மருத்துவக் குழு அவனுடைய லைசென்ஸில் எழுதிவிட்டது: கிளச் இல்லாத வண்டி மட்டும். அவன் அந்த அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாளே சிவப்பியை எடுத்தான். மூன்றாவது வளைவில் கால் மரத்துப்போய், வண்டி பின்னால் சரிந்து, தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. என்னிடம் மட்டும் சொன்னான். ஆனால் டெல்மா கேட்டுவிட்டிருந்தாள். மூன்றாவது வளைவில் சத்தம் நின்றதும், திரும்பத் தொடங்க எவ்வளவு நேரமானது என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் பத்து நாள் நச்சரித்தாள். விற்றுத் தொலை, விற்றுத் தொலை. கடைசியில் போலோஞ்ஞா நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் பார்க்க வந்தார். லாம்பெர்த்தி என்று பெயர். சிவப்பியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கதவைத் திறந்து மூடினார். கர்ப்பிணியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார். மனுஷன் நல்லவர். அதுவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவர் வருவதற்கு முன்னால் நான் டெல்மாவைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லிடு அவன்கிட்ட. இந்தச் சத்தம் இல்லாம நீ என்ன பண்ணுவே?"

"சொன்னா விக்கமாட்டாரு."

"விக்காம இருக்கட்டுமே! கொட்டகையில கிடக்கட்டும்."

"உங்கண்ணன் அதைக் கொட்டகையில வெச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரா? அந்தக் காலோட ஓட்டுவாரு. எனக்குச் சத்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம்டி. மனுஷன் வேணும்."

டாக்டர் பார்த்து முடித்த பிறகும் அண்ணன் வெளியே சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கொடுக்கவில்லை. டாக்டர் கையை நீட்டி, பிறகு நாசூக்காக இழுத்துக்கொண்டார். அண்ணன் வாசலில் நின்ற டெல்மாவைப் பார்த்தான்.

"டெல்மா, நீ சொல்லு. குடுக்கட்டுமா? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா கொட்டகைக்குள்ள விட்டுடறேன்."

அவள் கண்கள் காரின் மேல் இருந்தன. ஏப்ரனைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தொலையட்டும்" என்றாள். "தலைவலி விட்டுது."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. சாவியை டாக்டர் கையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். சிவப்பி இறங்கியது. ஒன்பது, எட்டு, ஏழு. அவள் வாசலில் நின்றாள், அவன் கொட்டகைக்குப் பின்னால் நின்றான், இரண்டு பேரும் தனித்தனியாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வளைவுக்குக் கீழே ஆற்றுச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அன்று ராத்திரி அவன் அவளிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

நவம்பரில் புது வண்டி வந்தது. மின்சாரத்தில் ஓடுவது, வெள்ளை, உயரமான சீட். யாரோ சில வருஷம் ஓட்டியது. நான் அதற்கு 'ஃப்ரிட்ஜ்' என்று பெயர் வைத்தேன்.

"ஏறி உக்காந்தா கிளினிக்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். "எதைத் தொட்டாலும் டிங் டிங்குங்குது. என்னை நம்பவே மாட்டேங்குது."

"உன்கூடச் சீட்டாடியிருக்கும் போல" என்றேன்.

அன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கீழே கிளப்புக்குச் சீட்டாடப் போனான். போனது யாருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் வண்டியைக் காணோம், அவ்வளவுதான்.

இருட்டும்போது மூடுபனி ஏறி வந்தது. ஆற்றிலிருந்து கிளம்பி, கஷ்கொட்டைத் தோப்பை மூடி, சர்ச் மணிக்கூண்டை மூடியது. வழக்கமாக அவன் வருகிற நேரத்தில் நான் கடையை அடைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வீடெல்லாம் குளிர். டெல்மா ஜன்னலோரம் தலையைச் சாய்த்து நின்றாள். அடுப்பில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது.

"மூடு. நெஞ்சு சளி கட்டும்."

"பேசாம இரு."

"அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது டெல்மா. நீ ராத்திரி பூரா நின்னாலும் கேக்காது."

"தெரியும். பேசாம இரு."

போன் செய்யலாம் என்றால் அண்ணனுடைய செல்போன் மேசையிலேயே கிடந்தது. கிளப்புக்குப் போன் போட்டேன். அவன் கிளம்பி வெகுநேரம் ஆகிறதாம். இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கலாம், அவ்வளவு நேரம். போனை வைத்தபோது டெல்மா என் முகத்தைப் பார்த்தாள். கோட்டை மாட்டி, டார்ச்சை எடுத்தாள்.

"எங்க போறே?"

"அன்னிக்கு உக்காந்திருந்தேன். இன்னிக்கு உக்கார முடியாது."

பின்னாலேயே ஓடினேன். டார்ச் வெளிச்சம் பனியில் பட்டு எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. பாதையின் ஓரம் தெரியவில்லை, அதனால் நடு ரோட்டில் நடந்தோம். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நடப்போம். வண்டி வந்தால் கேட்கும், ஒதுங்கலாம். பிறந்ததிலிருந்து காதை நம்பியே நடந்தவர்கள் நாங்கள். ஃப்ரிட்ஜ் வந்தால் கேட்காது என்பது அந்தக் குளிரிலும் எனக்கு உறைக்கவில்லை.

"எர்மெஸ்!" என்று ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டாள். பதில் இல்லை. ஆறாவது வளைவு தாண்டியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஐந்தாவது வளைவுக்கு வந்ததும் நடு ரோட்டில் நின்று, டார்ச்சைக் கீழே மரங்களுக்குள் அடித்தாள். அந்தப் பள்ளத்துக்குள் அவள் என்ன தேடினாள் என்று எனக்குத் தெரியும். நான் அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

அப்போது பனி வெளுத்தது. சத்தமே இல்லாமல், எங்களைச் சுற்றி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. என்ன வெளிச்சம் இது என்று நினைத்தேன். வண்டி என்று தோன்றவேயில்லை. ஈர இலைகள் நசுங்குகிற சின்ன ஒலி. பிறகு டயர் கிறீச்சிட்டது, உள்ளே ஏதோ பைத்தியம் பிடித்த மாதிரி டிங் டிங் டிங் என்று அடித்தது. நான் டெல்மாவை இழுத்தேன், இரண்டு பேரும் வண்டியின் மூக்கின் மேல் சரிந்தோம். அது நின்றிருந்தது.

அண்ணன் இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. முகம் சுண்ணாம்பு.

"நான் மிதிக்கல" என்றான். "கில்டா, நான் பிரேக்கை மிதிக்கவே இல்ல. எனக்கு நீங்க தெரியல. அதுவா நின்னுச்சு."

சிவப்பியாக இருந்திருந்தால் நிற்காது. சிவப்பியாக இருந்திருந்தால் நாங்கள் அங்கே இருந்திருக்கவும் மாட்டோம். இதை அப்புறம்தான் யோசித்தேன். அந்த நிமிஷத்தில் டெல்மா டார்ச்சால் ஃப்ரிட்ஜின் தலையில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

"எங்கய்யா இருந்தே இவ்வளவு நேரம்?"

"கீழதான்... பனி விளக்குப் பட்டன் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு... வண்டியோட குடுத்த புஸ்தகத்தைப் படிச்சு..."

"பட்டனா? நீ செத்துட்டேன்னு நினைச்சேன்! நெல்லோ மாதிரி நீயும் இதுக்குள்ள கிடக்கறேன்னு நினைச்சேன்! ஒரு சத்தமும் இல்ல. எனக்கு எப்படித் தெரியும் நீ வர்றேன்னு? எப்படி?"

அவன் அவளையே பார்த்தான். "நாப்பது வருஷமா அந்தச் சத்தம் தலையைப் பொளக்குதுன்னியே."

"பொளந்துச்சு. அது பொளந்தாத்தானே நீ உசிரோட இருக்கேன்னு அர்த்தம்!"

அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது. சிகரெட், தட்டு, அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது, பாஸ்தா, எல்லாம். நடு ரோட்டில், வண்டி வெளிச்சத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

"வாங்கினே, நானே உன்னை இந்தப் பள்ளத்துல தள்ளிடுவேன்."

மறுநாள் அவனைப் போகவேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். சொல்லவில்லை. அவனும் நின்றுவிடவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் இறங்கிப் போனான். அவள் தண்ணீரை வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றும் பனிதான்.

கீழே எங்கோ வாத்து கத்தியது.

டெல்மா நிமிர்ந்தாள். மறுபடி கத்தியது, கொஞ்சம் மேலே. ஃப்ரிட்ஜின் ஹார்ன். அசிங்கமான சத்தம், சிவப்பியின் கால் தூசிக்கு வராது. மூன்றாவது வளைவு. நான்காவது. அவள் பாஸ்தாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். அவள் கையிலிருந்து பாஸ்தாக் குச்சி ஒவ்வொன்றாக ஒடிந்து தரையில் விழுந்தது.

பிறகு ஹார்ன் அடித்தது. ஒரு தடவை. சற்று நிறுத்தி, இன்னொரு தடவை, நீளமாக.

மற்ற வளைவுகளில் எல்லாம் ஒன்று, ஐந்தில் மட்டும் இரண்டு. இன்றுவரை அப்படித்தான் அடிக்கிறான். இரண்டாவது யாருக்கு என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. டெல்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கையில் மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டாள். தோள்கள் குலுங்கின. நான் கீழே விழுந்ததைப் பொறுக்கினேன்.

கதவு திறந்தது. அண்ணன் கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அவள் முதுகைப் பார்த்தான்.

"என்ன கருமம் அது?" என்றாள் திரும்பாமலே. "தலையைப் பொளக்குது."