மாப்பிள்ளை இல்லாத பந்தக்கால்

மலைமேல் இருக்கும் கோட்டைக்குச் சர்க்காரே காவல் போட்டிருந்தது. கீழே, எங்கள் கடைவீதி முனையில் நின்ற கல்மண்டபத்தைக் கேட்பார் இல்லை. அதுவும் கோட்டைக் காலத்துக் கட்டடம்தான். செஞ்சியில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்குக் காத்துப் படுத்துக்கிடந்ததும் அங்கேதான். அறுபதுகளில் ஒரு வருஷம், எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும், அதை இடித்துக் கல்லை ரோட்டு ஜல்லியாக்க ஒரு கான்ட்ராக்டர் உத்தரவு வாங்கிவிட்டார்.

எங்கள் நைனாவுக்கு அந்த வீதியில் மளிகைக் கடை. அவரும் மற்ற வியாபாரிகளும் மெட்ராஸ் வரைக்கும் போய் முறையிட்டார்கள். பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் கிடைத்தது. எப்போது வருவார் என்று யாரும் சொல்லவில்லை. கான்ட்ராக்டரோ திங்கட்கிழமை கடப்பாறையோடு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடிய வியாபாரிகள் காபியைக் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

டம்ளர் எடுக்க வந்தாள் அத்தை. நைனாவின் தங்கை. அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மண்டபத்துல ஒரு பந்தக்கால நட்டுடுங்கண்ணா. நட்ட கால எவன் புடுங்குவான்?”

“யாருக்குக் கல்யாணம்னு சொல்றது?” என்றார் நைனா.

“எனக்குத்தான்.”

“மாப்ள?”

“அவனப் பொறுமையா தேடுங்க. மண்டபம் திங்கக்கெழமை போயிடும்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வியாபாரிகள் முகத்தில் களை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றி நட்டார்கள். கடைவீதியே கடையை அடைத்துவிட்டு வந்தது. மேளம் என்ன, அண்டா அண்டாவாகச் சர்க்கரைப் பொங்கல் என்ன! தூண்களுக்கெல்லாம் பெண்கள் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அந்த மண்டபத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும். மண்டபத்துக்காகவே ஊர் கூடியது அன்றைக்குத்தான்.

மறுநாள் வந்த ஆட்கள் மாவிலையைப் பார்த்ததும் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

“கல்யாணக் கால்ல கைய வச்சா எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஆவாதுங்க” என்றார்கள்.

கான்ட்ராக்டர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். “இன்னா நாடகம் இது? கல்யாணம் எப்போ? மாப்ள எந்த ஊரு?”

வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தை முன்னால் வந்து நின்றாள்.

“எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு நாள் கேக்க நீ யாருய்யா? பத்திரிகை வரும். வந்து சாப்ட்டுட்டுப் போ.”

வீதியே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். என் அத்தை, என் அத்தை என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

கான்ட்ராக்டர் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார். மாவிலை வாடினால் பெண்கள் புதிதாகக் கட்டிவிடுவார்கள். மழைக்காலம் முடிந்து ஒருவழியாக அதிகாரி வந்தார். தூண் தூணாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வெடி வெடித்தார்கள், நைனாவுக்கு மாலை போட்டார்கள். அத்தைக்கு மாலை போட யாருக்கும் தோன்றவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கடைவீதியில் விசாரித்தார்கள். விசாரித்ததும் அப்படியே ஊருக்குத் திரும்பினார்கள். “கால் நட்டு நின்னுபோன பொண்ணு” என்று அவர்களிடம் சொன்னது வேறு யாருமில்லை, சர்க்கரைப் பொங்கலை மறுபடி மறுபடி வாங்கித் தின்ற அதே வாய்கள்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணம் முடிந்த பிறகே பந்தக்காலை எடுப்பது வழக்கம். யாரும் எடுக்காமல் நின்ற அதை ஒருநாள் பட்டப்பகலில் அத்தையே போய் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

“உன் கல்யாணம் எப்ப அத்தை?” என்று கேட்டேன்.

“அதான் ஆயிடுச்சேடி” என்று சிரித்தாள். மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியின் நடுவே நிமிர்ந்து நடந்தாள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தராசைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

என்னைக் கூப்பிடாமல் எப்போது கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று முழுக்க அவளோடு நான் பேசவே இல்லை.