மேஸ்திரியும் சித்தாளும் வெளியே வரும் நேரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த மேற்பார்வையாளர்கூட அப்படித்தான். பத்தொன்பது வருடமாக மடிப்புப் பிரிவில் வேலை. தேய்ப்பு இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, நான்காக மடித்து அடுக்க வேண்டும். காலை ஏழிலிருந்து மாலை மூன்றரை வரை நின்றுகொண்டே. வேலை முடிந்து வெளியே வரும்போது, காலையில் சரியாக இருந்த செருப்பு ஒரு அளவு சின்னதாகியிருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனார், அம்மா போனாள், தம்பியை வளர்த்தாள். அதற்குள் ஐம்பத்தொன்று வந்துவிட்டது. யாராவது துக்கம் விசாரிப்பது போல அதைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஏது நேரம்?" என்பாள். உண்மையாகவே கேட்பது போலிருக்கும்.

தம்பி தரைக்கும் சுவருக்கும் ஓடு பதிக்கிற வேலை செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கைகள் மட்டும் பழைய மாதிரியே இருந்தன, எதையாவது செய்யத் துடித்துக்கொண்டு. தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. ஒன்றில் அவனுடைய கட்டில், சக்கர நாற்காலி, ஒரு மேஜை. இன்னொன்றில் அடுப்பும் அவளும்.

ஜெர்பில்கள் வந்தது தம்பியோடு வேலை செய்த பெயிண்டரால். பாலைவன எலி வகை. மணல் நிறம், வால் நுனியில் ஒரு குஞ்சம். யாரோ வீடு மாறிப் போகும்போது கூண்டோடு கொடுத்ததை, "பகல் பூரா தனியா இருக்கான், பேச்சுத் துணைக்கு ஆகும்" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இரண்டும் ஆண், கூடப்பிறந்தவை. ஒன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மற்றது நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டே இருக்கும். தம்பி பார்த்தவுடனே பெயர் வைத்துவிட்டான்: மேஸ்திரி, சித்தாள்.

"பேச்சுத் துணைக்கு எலி. கூண்டு கழுவ நான்" என்றாள் அக்கா.

தம்பிக்கு அவற்றைத் தினமும் வெளியே விட வேண்டும். அவளுக்கோ அந்த நினைப்பே கசந்தது. வெளியே விடுவது என்றால் கூண்டைத் திறப்பது மட்டுமில்லை. கதவிடுக்கில் துணி திணிக்க வேண்டும். மின்கம்பிகளையெல்லாம் மேலே தூக்கிக் கட்ட வேண்டும், பல்லில் பட்டால் போச்சு. பிறகு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, அலமாரிக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டு, இரண்டையும் திரும்பப் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தோல் உரிந்து கையோடு வந்துவிடுமாம். முதல் தடவை விட்டபோது சித்தாள் அலமாரிக்குப் பின்னால் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. அவள் முட்டி போட்டு உட்கார்ந்தே தூங்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம். அதுக்கு மேல பேசாத" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"வாரத்துக்கு ஒரு தடவையா? பாவம்க்கா."

"நானும் பாவம்தான்டா. என்னை யாரு வெளிய விடுறா?"

அவன் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கும் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற தெம்பு அன்றைக்கு இல்லை.

ஒரு மாதத்தில் சித்தாள் கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. கரகரவென்று ஓயாமல். மூக்கின் மேல் முடி கொட்டி, தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. இரத்தத்தைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, அட்டைப்பெட்டியில் துளை போட்டு இரண்டையும் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனாள். அங்கே நாயோடும் பூனையோடும் உட்கார்ந்திருந்தவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவளையும் ஒரு பார்வை பார்த்தார்கள்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். மூக்குக்கு மருந்து தடவிவிட்டு, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெளிய விடுறீங்கம்மா?" என்று கேட்டாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு மணி நேரம்."

"பத்தாதும்மா. தினமும் அரை மணியாவது விடணும். கொஞ்ச நேரம்னாலும் தினமும், அதே நேரத்துக்கு. பெரிய இடம் வேணும்னு இல்ல. நாலு பக்கமும் அடைச்ச இடமா, தோண்டறதுக்கு ஆழமா ஏதாவது இருந்தா போதும். ஆனா யாராவது பக்கத்துல இருக்கணும்."

"அந்த யாராவது நான்தான் டாக்டர்" என்றாள் அக்கா. மருத்துவர் மருந்துக் குப்பியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் அப்படியே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், "என்னால முடியாது. வேணும்னா பெயிண்டர்கிட்ட திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள்.

அவன் மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டே, "சரி, பாக்கலாம்" என்றான்.

அந்த 'பாக்கலாம்' எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பதினைந்து நாளில் சித்தாளின் மூக்கில் முடி முளைத்தது. கம்பி கடிக்கிற சத்தமும் நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பு வேலையையும் தம்பியைக் குளிப்பாட்டுவதையும் முடித்துப் படுக்கும்போது, ஒரு கவலை குறைந்தது என்பதே பெரிதாக இருந்தது.

ஒரு புதன்கிழமை, மாலை நான்கேகாலுக்குக் கதவைத் திறந்தாள். சக்கர நாற்காலி காலியாக இருந்தது.

தம்பி தரையில் குப்புறக் கிடந்தான். ஒரு கை கட்டிலுக்கு அடியில் நீண்டிருந்தது. இடது கணுக்காலில் தோல் கிழிந்து, சிமெண்டுத் தரையில் இரத்தம் உறைந்து கருத்திருந்தது.

"அய்யோ!" என்று பையை எறிந்துவிட்டு ஓடினாள்.

"கத்தாதக்கா. பயந்துடும்" என்றான்.

"யாரு?"

"சித்தாள். என் சட்டைக் கைக்குள்ள தூங்குது."

நடந்தது இதுதான். மேஜை மேல் விளிம்போரமாகப் பழைய ஓடுகளை நிறுத்தி, ஒட்டுநாடா போட்டு ஒரு வேலி கட்டியிருந்தான். அதற்குள் இரண்டையும் விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிரித்து, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான். பதினைந்து நாளாக இதுதான் நடந்தது. அன்றைக்கு மேஸ்திரி உள்ளேயே நிற்க, சித்தாள் மட்டும் வேலி தாண்டிக் குதித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. நாற்காலியிலிருந்து குனிந்தவன் நிலை தவறி விழுந்தான். கைபேசி மேஜை மேல். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. இரண்டு மணி நேரம்.

"கால்ல அடிபட்டிருக்குடா."

"அப்படியா?" என்றான். அவனுக்குத் தெரியவே இல்லை.

அந்த 'அப்படியா'வில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போனது. அவனைப் புரட்டிப் போட்டாள். ஈரத்துணியால் காயத்தைத் துடைத்துக் கட்டினாள். குதிகாலையும் இடுப்பையும் பார்த்தாள், எங்கேயாவது அழுந்திச் சிவந்திருக்கிறதா என்று. தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அன்று காலையிலிருந்து எத்தனை விரிப்பு தூக்கினாளோ, கையில் பலம் இல்லை. பெயிண்டருக்குப் போன் செய்தாள். அரை மணியில் வருகிறேன் என்றான்.

பிறகு அவளும் தரையில் படுத்துவிட்டாள், தம்பிக்குப் பக்கத்தில். தரை குளிர்ச்சியாக இருந்தது.

"திட்டுக்கா" என்றான் அவன்.

"திட்டறதுக்கும் தெம்பு வேணும்டா." மேலே பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு. உன்னைத் தூக்கறதால இல்ல. வேலையால இல்ல. எல்லாத்துக்கும் நானேங்கிறதாலதான். அந்த டாக்டர் யாராவது பக்கத்துல இருக்கணும்னப்போ, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அந்த யாராவது நானா இருக்கட்டும்னுதான் பாத்தேன்" என்றான் தம்பி. "இந்த வீட்ல ஒரே ஒரு வேலை, நீ செய்யாம நடக்கணும்னு பாத்தேன். அதுவும் உனக்கு ரெண்டு வேலையாயிடுச்சு."

இரண்டு வருடத்தில் அவனுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. படுத்தபடியே அதை நினைத்தாள். சட்டைக் கைக்குள்ளிருந்து குஞ்சவால் ஒன்று வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது.

பெயிண்டர் வந்து இருவரும் தரையில் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனான். "ரெண்டு பேருமே விழுந்துட்டீங்களா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று பெயிண்டருக்குப் புரியாததால் அவன் மரியாதையாகத் தள்ளி நின்றான்.

மறுநாள் சலவைக்கூடத்தின் பின்புறம், கழித்துப் போட்ட சாமான்கள் கிடக்கிற இடத்தில், ஈரத்துணி அள்ளும் தள்ளுவண்டி ஒன்றைப் பார்த்தாள். ஆழமான பிளாஸ்டிக் தொட்டி, உட்புறம் வழவழவென்று, ஒரு சக்கரம் போயிருந்தது. மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"சார், அது எனக்கு வேணும்."

"எதுக்குக்கா? துணி துவைக்கவா? வீட்டுக்குப் போயுமா?"

"எலிக்கு சார்."

பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்ட முதல் விஷயம் அது. அவர் மேலே எதுவும் கேட்காமல் வெளியே எடுத்துப்போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெயிண்டரும் அவளும் அதைத் தள்ளிக்கொண்டே வீடு வரை வந்தார்கள். தம்பி மிச்சமிருந்த மூன்று சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை உள்ளே எட்டுகிற உயரத்தில் பலகை வைக்கச் சொல்லி, அங்கிருந்து பெயிண்டரை வேலை வாங்கினான். முழங்கை ஆழத்துக்குக் கிழித்த காகிதமும் வைக்கோலும் நிரப்பினான். ஒரு மூலையில் மணல் கிண்ணம். சித்தாள் இறங்கியதும் தலைகீழாகப் புகுந்து காணாமல் போனது. மேஸ்திரி நிமிர்ந்து நின்று கவனித்தது.

தினமும் மூன்று மணிக்கு நாற்பது நிமிடம் என்று முடிவானது. அது தம்பியின் வேலை. கைபேசி கழுத்தில் தொங்க வேண்டும். அது அவள் போட்ட நிபந்தனை. கூண்டு கழுவுவதையும் அவனே எடுத்துக்கொண்டான். பிறகு வெங்காயம் நறுக்குவதை, துணி மடிப்பதை. துணி மடிப்பதில் அவளுக்குத் திருப்தி இல்லை, ஓரம் சேராது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அலுப்பு போய்விடவில்லை. கால் வீங்குகிறது. அவனைக் குளிப்பாட்டி எடுப்பதற்குள் இடுப்பு பேசுகிறது. கணுக்கால் காயம் ஆற இரண்டரை மாதம் ஆனது; தினமும் கட்டு மாற்றினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் கூண்டுப் பக்கம் போனாள்.

"விட்டாச்சு, பிடிச்சாச்சு, தண்ணி வெச்சாச்சு" என்றான் தம்பி. "நீ கொஞ்சம் படு."

"சோறு வெக்கணுமே."

"ஆறு மணிக்கு வெக்கலாம்."

அவள் அவனுடைய கட்டிலிலேயே சாய்ந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.