மூன்று கற்றை முடி

கண்டிக் குளக்கட்டில் காலை நேரங்களில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்த காலம் ஒன்று இருந்தது. முதுகில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, தலையில் சீப்புப் படாத முடி. நாளைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டால், தெரியாது என்று சிரிப்பார்கள். நாளைக்கு எங்கே போவோம் என்று தெரியாமல் இருப்பதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கோ ஓய்வு பெறும் நாள்வரை எந்தக் கதிரையில் உட்காருவேன் என்பதுகூடத் தெரிந்திருந்தது. நான் டவுனில் ஒரு கந்தோரில், கடிதமும் கோப்பும் எழுதும் இலிகிதராக இருந்தேன்.

முப்பத்திரண்டு வயதில் புத்தி கெட்டுப்போய், நானும் பை தூக்குவது என்று முடிவெடுத்தேன். ஆறு வாரம் சம்பளமில்லாத லீவு. மலேசியா, ஜெர்மனி, பிரான்ஸ். மூன்று நாட்டிலும் என்னோடு கண்டியில் படித்த ஒவ்வொருவன் இருந்தான். நட்பு பொங்கி வழிந்து அவர்களைத் தேடிப் போனேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்முடைய கடவுச்சீட்டை நீட்டி, சும்மா சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொன்னால் எந்தத் தூதரகமும் நம்பாது. ஒவ்வொரு இரவும் எங்கே படுப்பாய் என்று கேட்பார்கள். படுக்க இடம் கொடுப்பதாக அந்த ஊரில் இருக்கும் ஒருவன் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். நாற்பத்தொரு இரவுக்கு நாற்பத்தொரு வரி தட்டச்சு செய்தேன். இலக்கில்லாமல் அலைவதற்காக நான் தயாரித்த கோப்பு, கந்தோரில் அதுவரை நான் தயாரித்த எல்லாக் கோப்பையும் விடத் தடிப்பாக இருந்தது.

அலைகிறவன் போலத் தெரிய என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். முடி. ஏழு மாதம் கத்தரிக்கோல் படாமல் வளர்த்தேன். என்னுடையது சுருட்டை, நீளமாகாமல் அகலமாக வளர்ந்தது. கந்தோரில் பெரிய இலிகிதர் என் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகிக்கொண்டார். அப்பா, தன் கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "தும்பு மெத்த தைக்கிறவன் வந்தான்னா மொதல்ல ஒந் தலையத்தான் வெல கேப்பான்" என்றார். எனக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

நான் செய்த பிழை, போவதை வெளியே சொன்னது. நம் பக்கத்தில் வெளிநாடு போகிறவன் தனியாகப் போவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் பொட்டலமாகி அவன் பையில் ஏறிவிடுவார்கள். முதலில் அலவத்துகொடையிலிருந்து மலேசியா நண்பனின் உம்மா, கிண்டி எடுத்த தொதல் இனிப்போடு வந்தார். "மகன், இத அவன்ட கையிலயே குடுங்க. பொஞ்சாதிட கையில குடுத்தா அவட ஊட்டாக்களுக்குப் பங்கு வெச்சிருவா" என்றார். அடுத்தது ஜெர்மனி நண்பனின் அம்மா. கண்டிக்கு வந்து முப்பது வருடமாகியும் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரு அடி நகராதவர். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ. "அங்கத்தைய தூள் ஒரு தூளே தம்பி? பிள்ளை என்னத்தைத் திண்டு உயிரோட இருக்கிறானோ தெரியேல்ல" என்று கண்ணைத் துடைத்தார். அந்தப் பிள்ளை தொண்ணூறு கிலோ இருந்தான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பையில் என் சட்டைகள் மூன்றுக்கு மட்டும் இடம் மிஞ்சியது.

மூன்றாவது வீட்டுக்கு நானே போனேன். பேராதனையில் பஸ் மாறி, கலஹா போய், அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடை. பாரிஸிலிருந்த நண்பனின் அம்மாவும் அக்காவும் லயத்து வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டில் எனக்குப் பொட்டலம் எதுவும் தரவில்லை. கொண்டுவரத்தான் சொன்னார்கள்.

விஷயம் இது. அவன் இருபத்திரண்டு வயதில் ஏஜென்சிக்காரனை நம்பிக் கிளம்பினவன். பத்து மாதம் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் போய், என் பிள்ளை குரலைக் காதில் கேட்க வை, அவனைக் கூட்டிவந்து உன் வாசலில் முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பதினோராம் மாதம் தோட்டத்துக் கடைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. மாரியம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். அவன்தான் வரவில்லை. ஒன்பது வருடம். அவனுக்கு இன்னும் அங்கே தங்குவதற்கான பத்திரம் கிடைக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

அக்கா என்னைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்.

"அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை முத்திப்போச்சி தம்பி. இன்னும் தள்ளுனா பார்வையே திரும்பாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு தடவ தேதி குடுத்தாங்க. போகமாட்டேன்னு ஒக்காந்துட்டாங்க. நேத்திய பாக்கி வச்சிக்கிட்டு கண்ணுல கத்தி வைக்கக் கூடாதாம். மகன் வந்து மொட்ட போட்டாத்தான் ஆஸ்பத்திரியாம்."

"அவன் எப்பிடிக்கா வருவான்?"

"அதான் பூசாரிகிட்ட கேட்டேன். ஆளு வர முடியாட்டி மூணு கத்த பூமுடி வெட்டிக் குடுத்து விட்டாலும் ஆத்தா ஏத்துக்குவான்னாரு. அம்மாவும் அரமனசா சரின்னுட்டாங்க. நீங்க கொண்டாந்து குடுத்தீங்கன்னா போதும்."

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடியெல்லாம் நல்லா வச்சிருக்கானா பாரு தம்பி. எந்தப் போட்டோவுலயும் தொப்பி போட்டுக்கிட்டே நிக்கிறான். குளுராம்" என்றார்.

பயணத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கோலாலம்பூரில் நண்பன் என்னை விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரை ஓரமாக நிறுத்தி, பாதித் தொதலைத் தின்று முடித்தான். "மிச்சத்த ஊட்டுக்கு எடுப்போம் மச்சான், உம்மாக்கு முழுசாக் குடுத்தேண்டு சொல்லு" என்றான். பிராங்க்பர்ட்டில் மிளகாய்த்தூளை அவிழ்த்துப் பார்த்த அதிகாரி பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்டார். அரை மணி நேரம் என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். வெளியே காத்திருந்த நண்பன் என் தலையைப் பார்த்துவிட்டு, "ஓம், ஏன் மறிச்சவங்கள் எண்டு இப்ப விளங்குது" என்றான். இரண்டு வீட்டிலும் அடுத்த வீட்டுக்கு என்று பொட்டலம் தந்தார்கள். என் பை ஒருநாளும் இளைக்கவில்லை. ரயிலில் எனக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரப் பையன் தன் பையைத் தலைக்கு வைத்து நிம்மதியாகத் தூங்கினான். நான் என்னுடையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழித்திருந்தேன். அதற்குள் யார் யாருடைய அம்மாவோ இருந்தார்கள்.

பாரிஸ் ரயிலடியில் அவன் கம்பளித் தொப்பியோடு நின்றான். ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. ஐந்து பேர் இருக்கும் அறையில் எனக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். மறுநாள் காலையில் நேர்த்தி விஷயத்தைச் சொன்னேன். முடியைக் கேட்டதும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினான்.

ஒரு முடி இல்லை. பின்னந்தலையிலும் காதுக்கு மேலும்கூட இல்லை. அப்போதுதான் கவனித்தேன், புருவமும் இல்லை.

"வந்த மூணாம் வருசம்டா. புழுவெட்டு மாதிரி அங்கங்க ஆரம்பிச்சிச்சி, ஆறு மாசத்துல மொத்தமும் போச்சி. இனி மொளைக்காதுன்னுட்டாங்க" என்றான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிறாத. வெத்தலக் கொடிக்குத் தண்ணி ஊத்துன மாதிரி எந் தலைக்கு எண்ண ஊத்துனவங்க" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் நான் கலஹாவில் வாக்குக் கொடுத்திருக்கமாட்டேன். அங்கே ஒரு அம்மாவின் கண் போய்க்கொண்டிருக்கிறது, இவன் தொப்பிக்குள் ரகசியம் காக்கிறான். அப்படியே திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, இங்கதான் ஒரு காடே நிக்குதே" என்றான்.

ஏழு மாத உழைப்பு. நான் மூன்று நாட்டில் பயணி என்று காட்டிக்கொள்ள இருந்த ஒரே அத்தாட்சி. கோழி வெட்டும் குசினிக் கத்தரிக்கோலால் மூன்று இடத்தில் வெட்டினான். வெட்டிய இடங்கள் பார்க்கச் சகிக்காமல் இருந்ததால், மிச்சத்தையும் ஒட்ட வெட்டிவிட வேண்டியதாயிற்று. அந்த மூன்று கற்றையையும் அவன் உள்ளங்கையில் வைத்து, தன் மொட்டைத் தலையில் ஒருதடவை ஒற்றி எடுத்தான். பிறகு ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டினான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, பலரும் தந்து விட்ட சொக்லட்டைத் தாண்டி அந்த உறையைத்தான் பிடித்தார். பிரித்தார். முடி. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். கோயிலுக்கு நேர்ந்தது, ஒரு அம்மா கேட்டு அனுப்பினார் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் உறையை மடித்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். ஆறு வாரத்தில் எந்த நாட்டு அதிகாரியும் என்னை இவ்வளவு மரியாதையாக நடத்தவில்லை. அதுவும் ஒரு திருட்டுச் சாமானுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலஹா. அக்காவுக்கு உறையைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. பூசாரியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஓடினார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா உறையை வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரியவில்லை. ஒரு கற்றையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். மெதுவாக, அரிசியில் கல் பார்ப்பதுபோல்.

"சுருட்டையா இருக்கு" என்றார்.

"ஊர் மாறினா தண்ணி மாறுதில்ல, முடியும் மாறும்மா" என்றேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"இருவது வருசம் எண்ண தேச்ச கை தம்பி இது. அவனுக்குக் கோரமுடி. சீப்புல நிக்காது." என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் தலையைத் தடவினார். ஒட்ட வெட்டிய முடி அவர் உள்ளங்கையில் சுரசுரத்தது. "ஒன்னோடதா?"

"ஆமாம்மா."

"ஏன், அவன் குடுக்கமாட்டேன்னானா?"

சொல்லிவிடாதே என்று அவன் கேட்டது ஒரு பக்கம், இந்த அம்மாவின் கண் ஒரு பக்கம். கந்தோரில் பதில் கடிதம் எழுதி எழுதிப் பழகிய மூளை, யாரையும் நோகடிக்காத ஒரு வரியைத் தயார் செய்து தந்தது. "அவனே நேர்ல வந்து குடுக்கிறேன்னு சொன்னான்மா. அது ஆத்தா வாசல்லதான் எறக்கணுமாம்."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது.

"அப்பிடியா சொன்னான்? அது சரி, இது அவன் முடி இல்லைன்னா நேத்தி இன்னும் நிக்குதுல்ல. அவன் வந்துதான ஆகணும்" என்றார். கற்றையை உறைக்குள் பத்திரமாகப் போட்டார். "அக்காகிட்ட சொல்லிறாத. பாவம், அலைஞ்சிட்டா. இதப் போய்ப் போட்டுட்டு வருவோம். நான் கண்ண அறுத்துக்கிறேன். அவன் வர்ற அன்னிக்கு அந்த முடிய நான் பாக்கணும்ல."

இரண்டு கண்ணும் அறுத்து, பார்வை நன்றாகவே திரும்பியது. நாலைந்து மாதம் கழித்து நான் போனபோது வாசலிலேயே என்னை உற்றுப் பார்த்தார். "ஒனக்கே இவ்ளோ வயசாயிருச்சே தம்பி" என்றார். உள்ளே போய், கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து, மகனுக்கு அனுப்பச் சொல்லி என் கையில் தந்தார். அவன் வருகிறவரைக்கும் அவன் முடி கொட்டாமல் இருக்கவேண்டுமாம்.

போத்தலை என் அலுமாரியில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். கீழே ஊற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியாமல், பாரிஸுக்குப் போன ஒருவர் பையில் ஏற்றிவிட்டேன். கிடைத்த அன்று அவன் எனக்குப் போன் எடுத்தான். சிரிப்பான், இல்லையென்றால் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"எப்பிடித் தேய்க்கணும்னு சொன்னாங்க?" என்று கேட்டான்.