சைக்கிள் வாங்க வந்த வான்

போன கிழமை கிளிநொச்சியில், வீதியோரச் சாப்பாட்டுக் கடையொன்றின் வாசலில் பழைய இங்கிலாந்துச் சைக்கிள் ஒன்று நின்றது. ஒரு காலத்தில் அழகுக்கென்று தேடி வாங்கி வைத்தது. இப்போது சில்லில் காற்றில்லை. கூடைக்குள் யாரோ வெற்றுப் போத்தல்களைப் போட்டிருந்தார்கள். கிட்டப் போனதும் துரு மணந்தது, நான் சாப்பிடாமலே திரும்பிவிட்டேன். சைக்கிளைக் கண்டு பயப்படுகிற ஆளைக் கண்டிருக்கிறீர்களா? இதோ, நான்தான்.

புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு மாமரத்தடியிலும் அந்த மணம் இருந்தது. அப்பாவின் சைக்கிள். பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்தில் நெல்மூட்டை, காய்ச்சல்காரர், பிள்ளைத்தாச்சி எல்லாரும் ஏறியது அதன் கரியரில்தான். சண்டை முடிந்து சில வருடங்களில் அதற்குத் திடீரென்று ஒரு மவுசு வந்தது. கொழும்பு ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்காரர் கட்டிய புது வீடுகளுக்கும் பழைய சைக்கிள் வேண்டுமாம். வாங்குகிறவர்கள் வான் பிடித்து வந்து ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினார்கள்.

வான் வெள்ளை நிறம், அதுதான் வினை. வெள்ளை வானில் ஏற்றப்பட்ட எத்தனையோ பேர் திரும்பி வராத நாடு இது. அண்ணனோ அப்போதுதான் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்திருந்தான். வான் வந்து நின்றதும் பின்வேலி பாய்ந்து பனை வடலிக்குள் மறைந்துவிட்டான். நான் பெரிய வீரனாக வாசல் படலைக்குப் போனேன். கொளுவியை மட்டும் கழற்றவில்லை.

"பழைய சைக்கிள் ஏதும் கிடக்கோ அம்மா? நல்ல விலைக்கு எடுப்பம்," என்றார் இறங்கியவர்.

அம்மா நம்பவில்லை. அண்ணனை நோட்டம் பார்க்க வந்தவர்கள் என்றே நினைத்தார். "காசு வேண்டாம், கொண்டு போங்கோ. இனி இங்கால வராதேங்கோ," என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

கெட்டிக்கார வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சும்மா கொடுக்கிற வீடு என்று கதை பரவி, கிழமைக்கொரு வான் வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அண்ணன் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வேலி பாய்ந்தான்.

"அவங்கள் சைக்கிள் கேக்கிற ஆக்கள்தானேடா?" என்று அம்மா ஒருநாள் அண்ணனிடம் கேட்டார்.

"வாற வானெல்லாம் சைக்கிள் வானெண்டு என்னெண்டு தெரியும், அம்மா?"

கொஞ்ச நாளில் அவன் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறினான். அந்த வள்ளத்தில் போன ஒருவரைப் பற்றியும் இன்றுவரை தகவல் இல்லை.

சைக்கிள் மோகம் அடங்கி வெகுகாலம். அவற்றைத் தேடி இப்போது யாரும் வருவதில்லை. எப்போதாவது ஒழுங்கையில் வான் சத்தம் கேட்டால் அம்மாதான் முதலில் படலைக்கு ஓடுகிறார். யாராவது அவனைக் கொண்டுவந்து இறக்கிவிடலாமாம். வான் போன பிறகும் அவர் உள்ளே வருவதில்லை. போய்க் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.