மெர்பாவுச் சாயம்

போன வாரம் பெய்த மழையில், லோபாக்கில் என் மகன் கட்டியிருக்கும் புது வீட்டின் வெள்ளைச் சுவரெல்லாம் சிவப்புத் தண்ணீர் வழிந்துவிட்டது. மாடி வராந்தாவுக்கு ஆசையாக மெர்பாவு மரத்தில் தரை போட்டிருக்கிறான். காண்ட்ராக்டரைப் போனில் பிடித்து, "என்ன மரங்க போட்டீங்க? சாயம் போவுது லா!" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சாயத்தில்தானே எனக்குக் கல்யாணமே நடந்தது!

நனைந்த மெர்பாவுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் பழைய தோல் செருப்பு. மூக்கில் ஏறியதும் நான் எங்கள் தோட்டத்து மரமறுக்கும் குழி ஓரத்தில் போய் நின்றுவிட்டேன். ஜப்பான்காரன் காலம். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டின கையெல்லாம் மரவள்ளி நட்டது. ஆம்பிளைகள் பலரை மரம் அறுக்க அனுப்பினார்கள். கெமாஸ் பக்கம் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை. அந்தக் குழியில் ரம்பம் இழுத்தவர்களில் ஒருவரைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பேரைக் கேட்காதீர்கள். இந்த வயதிலும் வாயில் வராது.

அவருக்கு மெர்பாவு என்றால் உயிர். தண்ணீரில் போட்டால் கல்லாக முழுகும், கரையான் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், வெயிலில் கிடந்தாலும் கோணாது என்று சாமி பெருமை பேசுவதுபோலப் பேசுவார். அறுத்த பலகையின் கோடுகளுக்குள் மஞ்சளாகப் பொடி மின்னும். அப்படி ஒரு துண்டை என்னிடம் நீட்டி, "தங்கம் வாங்க வக்கில்ல புள்ள, இப்போதைக்கு இத வச்சுக்க" என்றார். அதை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

கல்யாணமான பெண்ணைச் சிப்பாய்கள் தொடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை அப்போது. அதனால் எல்லாம் அவசரம். ஆனால் சேலைக்கு எங்கே போவது? கடையில் துணியே கிடையாது. துரை ஓடிப்போன பிறகு பங்களாவில் கிடந்த இரண்டு ஜன்னல் திரைகளை அம்மா ஒரு சாக்கு மரவள்ளிக்கு மாற்றி வந்து, ஒட்டுப் போட்டுச் சேலையாக்கினாள். அதுவோ பால் வெள்ளை. வெள்ளை உடுத்தி மணையில் உட்கார முடியுமா? வீட்டிலிருந்த ஒரே மஞ்சள் கிழங்கைத் தாலிக்கு எடுத்து வைத்தாயிற்று. நான் மூன்று நாள் அழுதேன். சிவப்புச் சேலை இல்லாமல் கல்யாணமே வேண்டாம் என்றுகூடச் சொன்னேன்.

விஷயம் குழி வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒரு சாக்கு மெர்பாவுத் தூளோடு அவர் வாசலில் நின்றார். "அத்தே, இதச் சுடுதண்ணியில ஊறப்போட்டு அதுல துணிய முக்குங்க. செவப்பு கொட்டும்." கொட்டும்தான். எதில் ஊறப்போடக் கூடாது என்பதை மட்டும் அந்த மனுஷர் சொல்லவில்லை. வீட்டில் பெரிய பாத்திரம் இரும்புச் சட்டி ஒன்றுதான். நான் அதில் போட்டுக் கொதிக்கவைத்தேன்.

வெளியே எடுத்தபோது சேலை அண்டங்காக்காயாக இருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மெர்பாவாம் மெர்பாவு! நமக்குப் பாவமால்ல வந்து சேந்துச்சு!" வெள்ளையாவது பரவாயில்லை, கறுப்பைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண் மணையேறுவாள்? விடிந்தால் கல்யாணம். அழுகைச் சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து மக்சிக் ஓடி வந்தார். பாதித் தமிழ், பாதி மலாய் பேசும் மலாய்க்காரம்மா; சின்னம்மா என்கிற மாதிரி எல்லோரும் அவரை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். சேலையைப் பார்த்தார், சட்டியைத் தட்டினார். "பெசி லா, பெசி! இரும்பு பட்டா இந்த மரம் ஹீத்தாம் ஆவும், கறுப்பு!" என்றவர் வீட்டுக்குப் போய் மடி நிறைய பெலிம்பிங் காய் பறித்து வந்தார். கத்தியில் துரு ஏறினால் அந்தப் புளிப்புக் காயைத்தான் தேய்ப்பாராம்.

மூவரும் உட்கார்ந்து நசுக்கித் தேய்த்தோம். கறுப்பு கரையக் கரைய அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது பாருங்கள், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு பிள்ளை பெற்றபோதுதான் வந்தது. ஓரத்துக்கும் முந்தானைக்கும் வருவதற்குள் காய் தீர்ந்துவிட்டது.

மறுநாள் கோயிலில் பெண்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். "கறுப்புக் கரை போட்ட சேலை! எங்கடி கெடச்சுது?" அம்மா கூசாமல், "ஊர்லேருந்து வந்தது" என்றாள். எந்தக் கப்பலில் என்று யாரும் கேட்கவில்லை. தாலி கட்டக் குனிந்தவர் மட்டும் கரையைப் பார்த்துவிட்டு என் காதருகே, "இரும்புச் சட்டியிலயா போட்ட?" என்றார். நான் குபீரென்று சிரித்துவிட்டேன். தாலி ஏறும்போது சிரித்த பெண் என்று தோட்டத்தில் ரொம்ப நாள் பேச்சு.

முந்தானையை அவர் வேட்டியில் முடிந்து சுற்றி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் வேட்டி முழுக்கச் சிவப்பு, முடிச்சுப் போட்ட இடத்தில் கறுப்பு. சிவப்பு நாலு வெளுப்பில் போய்விட்டது. கறுப்பு போகவில்லை. "பெலிம்பிங் போட்டுத் தேய்டி" என்றாள் அம்மா. "வேணாம் அத்தே, இருக்கட்டும்" என்றார் அவர்.

இப்போது அந்தத் தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது. மக்சிக் இல்லை, அவர் பெலிம்பிங் மரமும் இல்லை. சேலை தூளியாகிக் கிழிந்தது; சாயம் போகிறதென்று கத்துகிறானே என் மகன், அவன் தூங்கிய தூளிதான். "நாலு மழ பேஞ்சா நின்னுடும்டா" என்றேன். நம்பாமல் பார்த்தான்.

வேட்டியை மட்டும் பெட்டியில் வைத்திருந்தேன். எத்தனையோ முறை துவைத்து மடித்திருக்கிறேன். பெலிம்பிங் மட்டும் ஒருநாளும் தேய்க்கவில்லை. போன வருஷம் அவரைக் கடைசியாக அனுப்பிவைத்தபோது அதைத்தான் உடுத்திவிட்டோம், முடிச்சுக் கறை மேலே தெரியும்படி.