பால்டிக் கடலில் ஜெல்லிமீன்களைத் தேடி ஒரு குளிர்காலை

நீருக்குள் படமெடுக்க உதவும் கமரா உறை ஒன்றை வாங்கி ஒரு வருடமாக அலுமாரியில் வைத்திருந்தேன். 2006 ஒக்டோபரில்தான் எனக்கும் கணவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் எசனிலிருந்து பால்டிக் கரையிலுள்ள எக்கர்ன்ஃபோர்டவுக்கு 470 கிலோமீட்டர். காலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கணவர் அன்ரன் மன்னார்க்காரர். போருக்குத் தப்பிப் படகில் வந்தபோது தன் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். பதினாறு வருடங்களாக அவர் கடலில் கால் நனைத்ததில்லை. தம்பியைப் பற்றிப் பேசியதும் இல்லை. கார் ஓட்ட மட்டும்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார்.

குளிர் தாங்கும் ரப்பர் உடுப்புக்கு வாடகை 25 யூரோ. தண்ணீரின் வெப்பம் பதின்மூன்று பாகை என்றார் கடைக்காரர். சிவப்பு ஜெல்லிமீனைக் கண்டால் விலகிவிடும்படியும் சொன்னார்.

இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்தியதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோனது. ஊரில் சொறிமுட்டை என்று அருவருத்து ஒதுக்கிய அதே உயிர்கள். கண்ணாடிபோல் உடல், நடுவில் ஊதா நிறத்தில் நான்கு வளையங்கள். சுருங்கின, விரிந்தன. மூச்சு விடுவது அவையா நானா என்று தெரியாமல், ஒன்றின் பின்னால் மிதந்துகொண்டே போனேன்.

திடீரென்று மணிக்கட்டில் கொதி எண்ணெய் பட்டதுபோல எரிந்தது. சிவப்பு இழைகள். உதறினேன், காலுக்கு மணல் எட்டவில்லை. வாய்க்குள் உப்புத் தண்ணீர். "இஞ்சாருங்கோ" என்று மட்டும் கத்த முடிந்தது.

கரையில் நின்ற அன்ரன் சப்பாத்தும் ஜாக்கெட்டுமாக வந்து என்னைத் தூக்கிப் பிடித்தார்.

"மூச்சை விடும். நான் பிடிச்சிருக்கிறன்."

நிலம் தட்டியதும் என் கையைக் கடல்நீரிலேயே அலசிவிட்டார். ஆனால் கரைக்குத் திரும்பவில்லை. அவருடைய ஜாக்கெட்டைச் சுற்றி ஜெல்லிமீன்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. விறைத்துப் போவீர்கள், வாருங்கள் என்றேன்.

"கொஞ்சம் நில்லும். கமராவைத் தாரும்."

பதினொரு படம் எடுத்தார். பத்து கலங்கல். இந்தப் பதிவின் மேலே நீங்கள் பார்ப்பது மிஞ்சிய ஒன்று.

போக நினைப்பவர்களுக்கு: காற்று எழும்புமுன் இறங்குங்கள். கையுறை கட்டாயம், நான் போடாததன் தழும்பு இன்னும் இருக்கிறது. ஃபிளாஷ் வேண்டாம், நீரிலுள்ள தூசியெல்லாம் படத்தில் விழும். தனியே இறங்கவே வேண்டாம். பெட்ரோலுக்குப் போகவர 95 யூரோ ஆனது.

திரும்பும் வழியில், ஹம்பர்க் தாண்டியதும், நான் கேட்காமலே தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் எப்படிச் சிரிப்பான், எப்படி நீந்துவான் என்றெல்லாம். எசன் வரும்வரை பேசினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நாங்கள் இறங்கவில்லை.