திரைக்குப் பின்னால் கூட்டிய சத்தம்

ஆஸ்பத்திரியில் அவளைக் காதுக்காரி என்றுதான் சொல்வார்கள். டாக்டர்கள் ரெக்கார்டரில் பேசி வைப்பதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எதையோ மென்றுகொண்டே பேசும் எலும்பு டாக்டரிடமிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க அவளை விட்டால் ஆளில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மருந்தின் பெயரைக்கூட மாற்றி அடித்ததில்லை.

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கும் பேச்சு வந்தபோது, அவள் கேட்டது மேஜைமேல் வைக்கிற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஜோடி. ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்குமே, அது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். கணவனுக்கோ இடுப்புயர ஸ்பீக்கர்தான் வேண்டும். ஹாலுக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். மூன்று வாரம் இழுபறி. கடைசியில் அவனே இறங்கி வந்தான்.

“கடையில திரை போடச் சொல்றேன். எது பாடுதுன்னு தெரியாமக் கேளு. உன் காது சொல்றதையே வாங்கிக்கலாம். நான் வாயே தொறக்க மாட்டேன்.”

தன் காதையே நடுவராக்கிவிட்டான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஐந்து முறை ஒரே பாட்டைப் போட்டார்கள். ஐந்து முறையும் அவள் தேர்ந்தெடுத்தது ஒரே ஜோடியை. திரையை விலக்கினால், பெரியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. அந்தச் சின்ன ஹாலில் தாளம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. நாமே கேட்டுத் தேர்ந்தெடுத்ததாயிற்றே, அப்படியானால் கோளாறு காதில்தான் என்று நினைத்தாள். அந்தச் சந்தேகம் வேலைக்கும் தொற்றியது. ஒவ்வொரு பதிவையும் மூன்று தரம் கேட்டாள். இடது முழங்காலா வலதா என்று டாக்டரிடமே ஓடிப்போய்க் கேட்டாள். அவள் அடித்திருந்தது சரிதான், ஆனால் நம்பிக்கை போய்விட்டது. இரண்டாவது மாதம் தானே எழுதிக் கொடுத்துக் கோப்புப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள்.

“காது போயிடுச்சுங்க. இனி அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றாள் சாப்பாட்டு மேஜையில்.

“வயசாகுதுல்ல, விடு” என்றான் கணவன், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஒரு ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்ததும் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார், அன்று திரைக்குப் பின்னால் பாட்டுப் போட்டவர். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

“இந்த ரூமுக்கு இது பெருசோ?” என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

“அன்னிக்கே சார்கிட்ட சொன்னேம்மா. அவர்தான் திரைக்குப் பின்னால வந்து, பெருசுக்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைன்னாரு. அப்படி வெச்சா எந்தக் காதுக்கும் அதுதான் நல்லாத் தோணும். உங்களுக்குத் தெரியாதா?”

மறுநாளே கடைக்குப் போய், இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து முறையும் சின்னது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய வேலையைத் திரும்பக் கேட்டாள். “அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சேம்மா” என்றார் மேலாளர்.

வீட்டில் அவள் கேட்டபோது கணவன் முதலில் சிரித்தான். “ஒரு ஸ்பீக்கருக்குப் போய் இவ்வளவா? சும்மா விளையாட்டுக்குச் செஞ்சது.”

“கடையோட முடிஞ்சிருந்தா விளையாட்டுதான். காது போச்சுன்னு நான் வந்து நின்னப்போ உங்களுக்குத் தெரியும். அந்த வேலைய விட்டப்பவும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலையே.”

பெரியதை விற்றுவிடலாம் என்றான் அவன். இருக்கட்டும் என்றுவிட்டாள்.

சின்ன ஜோடியை வாங்கிப் பின்னறை மேஜையில் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“நானும் கேக்கலாமா?”

“நேரா உக்காந்தாத்தான் இது சரியாக் கேக்கும். ஒரு ஆளுக்குத்தான் இடம்” என்றாள்.

ஏழாவது மாதம் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அது கணவனுக்குத் தெரிந்தது.